எட்டு மணி நேரம் கான்கிரீட் மேல்: பட்டறைக்குப் புதிதாக வருபவர்களின் கால்களுக்கு

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் கை வலிக்கும். அடுத்த வாரம் தோள். மூன்றாவது வாரத்தில் இரண்டும் பழகிவிடும், அப்புறம்தான் காலின் முறை வரும். சாயங்காலம் பஸ் படியில் இறங்கும்போது முட்டி மடங்க மறுக்கும். காலையில் பாயைவிட்டு எழுந்து வைக்கும் முதல் அடியில் குதிகாலில் ஆணி குத்துவது போல இருக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒருநாள் ஓய்வில் எல்லாம் சரியாகிவிட்ட மாதிரி தோன்றும். திங்கள் மதியத்துக்குள் பழையபடி ஆகிவிடும்.

நான் கோயம்புத்தூர் கணபதிப் பக்கம் லேத், அதாவது இரும்பைச் சுழற்றிக் கடையும் மெஷின், ஓட்டுகிறவன். இருபத்திரண்டு வருடமாக பம்ப் ஷாஃப்ட், கிரைண்டர் பாகம், யாராவது அவசரமாகத் தூக்கிக்கொண்டு வரும் தேய்ந்த புஷ் என்று எல்லா ஜாப் ஒர்க்கும் நின்றபடியேதான் செய்திருக்கிறேன். வருடா வருடம் ஐ.டி.ஐ. முடித்த பிள்ளைகள் புதிதாக வருகிறார்கள். அவர்களுக்கு மைக்ரோமீட்டர் பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறோம், டூல் தீட்டச் சொல்லிக்கொடுக்கிறோம். நிற்கச் சொல்லிக்கொடுப்பதில்லை. அதைத்தான் இங்கே எழுதுகிறேன். காசு செலவில்லாததில் ஆரம்பித்து, செலவு வைப்பதை நோக்கிப் போகிறேன். அந்த வரிசையிலேயே செய்து பாருங்கள். நிறையப் பேர் கடைசியில் வரவேண்டிய மாத்திரையில்தான் ஆரம்பிக்கிறார்கள்.

வலி எங்கிருந்து வருகிறது

எல்லாரும் தரையைத்தான் திட்டுவார்கள். கான்கிரீட் கொஞ்சமும் அமுங்காது, அது உண்மை. ஆனால் அதே தரையில் நாள் முழுக்க டிராலி தள்ளிக்கொண்டு நடக்கிற பையனைக் கேட்டுப் பாருங்கள். டிரில்லிங் மெஷின் முன்னால் ஒரே இடத்தில் நிற்கிறவன் புலம்புகிற அளவுக்கு அவன் புலம்பமாட்டான். தரை ஒன்றுதான். அவன் கால் அசைகிறது, இவன் கால் அசையவில்லை.

காலுக்கு இறங்கிய ரத்தம் மேலே ஏறவேண்டும் என்றால் கெண்டைச் சதை சுருங்கி விரியவேண்டும். நடக்கும்போது அது பம்ப் மாதிரி அடித்து ரத்தத்தை மேலே தள்ளுகிறது. நம் ஊர்க்காரர்களுக்கு பம்பைப் பற்றி விளக்கவேண்டியதில்லை: மோட்டார் ஓடாவிட்டால் தண்ணீர் ஏறாது. அசையாமல் நின்றால் சதை விறைத்தபடியே இருக்கும், அதற்குள் ரத்தம் சரியாகப் போகாது, களைப்பு தங்கிவிடும். கணுக்கால் வீங்கும், சாக்ஸ் ரப்பரின் தடம் ஆழமாகப் பதியும். வருடக்கணக்கில் இப்படியே போனால் காலில் ரத்தக் குழாய் சுருண்டு புடைக்கிற வெரிகோஸ் வரலாம்.

மூட்டுக்கும் இதே கதைதான். முட்டிக்குள் எலும்பு நுனியை மூடியிருக்கும் குருத்தெலும்புக்கு ரத்தக் குழாய் கிடையாது. பாரம் ஏறும்போது அமுங்கி, இறங்கும்போது விரிந்து, மூட்டுக்குள் இருக்கும் திரவத்திலிருந்துதான் அது தனக்கு வேண்டியதை உறிஞ்சிக்கொள்கிறது. மணிக்கணக்காக ஒரே பாரத்தில் நிறுத்தி வைத்தால் அந்த உறிஞ்சல் நடப்பதில்லை. எழுந்து நடக்கிற முதல் நாலு அடி துருப்பிடித்த கீல் மாதிரி இருப்பது ஏன் என்று இப்போது புரியும்.

அதனால் கீழே சொல்லப்போகிற எல்லாவற்றிலும் ஒரே நோக்கம்தான்: கால் ஒரே நிலையில் இருக்கும் நேரத்தைக் குறைப்பது. காலடியில் விரிக்கும் பாய், ஷூ எல்லாம் அதற்கு உதவி செய்பவை.

முதல் நாள்: உங்கள் செருப்பின் அடியைப் பாருங்கள்

எதையும் வாங்கும் முன்னால் பழைய ஷூவையோ செருப்பையோ திருப்பிப் பாருங்கள். எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது? என்னுடையதில் வலது குதிகாலின் வெளி ஓரம் மட்டும் சாய்வாகத் தேய்ந்திருந்தது, இடது பக்கம் கிட்டத்தட்டப் புதிதாக இருந்தது. பாரத்தை எல்லாம் வலது காலில் போட்டு, இடுப்பைச் சாய்த்து, டூல் முனையை எட்டிப் பார்த்துக்கொண்டே வருடங்களை ஓட்டியிருக்கிறேன் என்று அந்த ஒரு ஷூ சொல்லிவிட்டது. வலித்ததும் வலது முட்டிதான்.

அடுத்து, ஒரு நாள் முழுக்க உங்களையே கவனியுங்கள். டீ நேரம், சாப்பாட்டு நேரம், ஷிஃப்ட் முடியும் நேரம் என்று மூன்று வேளை, எங்கே வலிக்கிறது என்று ஒரு சீட்டில் குறித்துக்கொள்ளுங்கள். குதிகாலா, முட்டியா, இடுப்பா, ஒரு பக்கமா, இரண்டு பக்கமா? சீட்டு வேண்டாம், மனதில் இருக்கும் என்றால் இருக்காது. சாயங்காலம் கேட்டால் எல்லாம் வலிக்கிறது என்றுதான் சொல்லத் தோன்றும். ஒரு வாரக் குறிப்பு இருந்தால், செய்த மாற்றம் உதவுகிறதா இல்லையா என்பதும் தெரியும்.

செலவில்லாத மாற்றங்கள்

நான் எடுபிடியாக இருந்த காலத்தில் ஒரு மூத்த டர்னர் (லேத் ஓட்டுகிறவர்) இருந்தார். அவர் மெஷினுக்குக் கீழே எப்போதும் ஒரு செங்கல் கிடக்கும். அதை அப்புறப்படுத்தி, கூட்டிப் பெருக்கி வைத்ததற்கு ஒருநாள் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். "ஏஞ்சாமி, அதையெதுக்கு எடுத்த? செலையாட்டம் நின்னா ஒடம்பு என்னத்துக்காகும்? ஒரு கால அதுமேல வெய்யி, அப்பறம் மாத்தி வெய்யி" என்றார். அப்போது சிரித்துக்கொண்டேன். இன்றைக்குப் புதுப் பையன்களுக்கு நான் சொல்லும் முதல் பாடம் அந்தச் செங்கல்தான்.

நான்கிலிருந்து ஆறு அங்குல உயரத்தில் ஏதாவது ஒன்று போதும். ஒரு காலை அதன்மேல் வைத்தால் இடுப்பின் முன்வளைவு குறைகிறது, முதுகுத்தண்டின் அடிப்பாகத்துக்கு ஓய்வு கிடைக்கிறது. பத்து பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை காலை மாற்றவேண்டும். ஒரு ஜாப், அதாவது கடையும் ஒரு பாகம், முடிந்தால் ஒரு கால் என்று கணக்கு வைத்துக்கொள்வது எனக்குச் சுலபமாக இருக்கிறது. செங்கல் தட்டி விழவைக்கும் என்று பயமாக இருந்தால், கழிவாகக் கிடக்கும் ஒன்றேகால் அங்குலப் பைப்பை வெட்டி, மெஷினின் சிப்ஸ் (சீவி விழும் இரும்புத் துருவல்) தட்டுக்குக் கீழே குறுக்காக ஒரு கம்பி மாதிரி வெல்டு வைத்துவிடுங்கள். அரைமணி நேர வேலை. பெடல் பிரேக் உள்ள மெஷினாக இருந்தால் பெடலுக்கு இடைஞ்சல் இல்லாமல் தள்ளி வையுங்கள். அவசரத்துக்குக் கால் நேராக பெடலுக்குப் போகவேண்டும்.

அப்புறம் முட்டி. நிறையப் பேர் முட்டியைப் பின்னால் தள்ளி, பூட்டுப் போட்ட மாதிரி நேராக நிற்கிறார்கள். அப்படி நின்றால் தொடைச் சதைக்கு வேலை இல்லை, சுகமாகத்தான் இருக்கும். பாரம் முழுக்க மூட்டும் தசைநாரும் தாங்கவேண்டியிருக்கும். முட்டியைக் கொஞ்சமாக, வெளியே தெரியாத அளவுக்கு, இளக்கி நில்லுங்கள். இரண்டு நாள் நினைத்து நினைத்துச் செய்யவேண்டும், பிறகு பழகிவிடும்.

டூல் தானாக நகரும் ஆட்டோ ஃபீட் போட்டுவிட்டால் நீளமான ஷாஃப்டுக்குச் சில நிமிடங்கள் கிடைக்கும். அந்த நேரத்தில் மொபைலை எடுக்காமல் இரண்டு குதிகாலையும் தூக்கித் தூக்கி இறக்குங்கள், இருபது தடவை. கெண்டைக்கால் பம்ப் அடிக்கும். கண் ஜாபின் மேலேயே இருக்கட்டும். பிடித்துக்கொள்கிறேன் என்று ஓடுகிற மெஷின் மேல் கை வைக்காதீர்கள், தொங்குகிற துணியோடு ஜாபைப் பிடித்துச் சுழலும் சக் பக்கம் சாயாதீர்கள். இதைச் சொல்லவேண்டியதில்லைதான், ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

இன்னொரு தந்திரம் உண்டு, முதலாளிகளுக்குப் பிடிக்காது. முடித்த ஜாபைப் போடும் பெட்டி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும் என்பது உற்பத்திக் கணக்கு. நான் என் பெட்டியை நாலு எட்டு தள்ளி வைத்திருக்கிறேன். ஒவ்வொரு ஐந்து ஜாபுக்கும் கொண்டுபோய் அடுக்கிவிட்டு வருவேன். பீஸ் ரேட்டில், அதாவது எண்ணிக்கைக்குக் கூலி வாங்கி, வேலை செய்கிறவர்கள் தயங்குவார்கள், நியாயம்தான். ஆனால் மதியம் மூன்று மணிக்கு மேல் வலியால் கை மெதுவாவதில் போகிற பீஸ்கள் எத்தனை என்றும் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். பெட்டியைத் தள்ளி வைக்க முடியாவிட்டால் அரைமணிக்கு ஒருமுறை ஒரு நிமிடமாவது நடங்கள். தண்ணீர் குடிக்கப் போங்கள். தண்ணீர் பாட்டிலைக்கூட மெஷின் பக்கத்தில் வைக்காமல் தூரத்தில் வைப்பது இதற்காகத்தான்.

தண்ணீர் என்றதும் ஒன்று. பம்ப் அசெம்பிளியிலும் இன்ஸ்பெக்ஷன் மேஜையிலும் நிற்கிற பெண்கள் பலர், ஒழுங்கான கழிவறை இல்லாததால் தண்ணீரே குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். அப்படி இருந்தால் தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, சிறுநீர்த் தொற்று எல்லாம் சேர்ந்து வரும். இது அவர்கள் பழக்கத்தின் தப்பு இல்லை, இடத்தின் தப்பு. கேட்டு வாங்கவேண்டிய வசதி.

உயரமும் வெளிச்சமும்

கால் வலி என்று வருகிறவர்களில் நிறையப் பேருக்கு மெஷின் உயரம் ஒத்துவரவில்லை. குனிந்தால் எடை முன்னால் போகும், அதைப் பிடித்து நிறுத்த முட்டியும் கெண்டைச் சதையும் நாள் முழுக்கப் போராடும்.

அளவு எடுப்பது சுலபம். நேராக நின்று கையை மடக்குங்கள், முழங்கை எந்த உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். அளவு பார்ப்பது, அசெம்பிளி போன்ற நுணுக்கமான வேலைக்கு மேஜை அதைவிட ஓர் ஐந்து சென்டிமீட்டர் உயரமாக இருக்கலாம். சாதாரண வேலைக்கு முழங்கைக்கு ஐந்திலிருந்து பத்து சென்டிமீட்டர் கீழே. சுத்தியல் அடிப்பது, அழுத்தித் தள்ளுவது போன்ற கனத்த வேலைக்கு இன்னும் கீழே, இருபதிலிருந்து நாற்பது வரை. ஜாபை இறுக்கிப் பிடிக்கும் பெஞ்ச் வைஸுக்குப் பழைய ஃபிட்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள்: முழங்கையை வைஸ் வாய்மேல் ஊன்றினால் மடக்கிய முஷ்டி தாடையைத் தொடவேண்டும். டேப் எடுக்காமலே சரியாக வரும்.

லேத்தைத் தூக்க முடியாது, ஆனால் நிற்கிற இடத்தைத் தூக்கலாம். குள்ளமானவர்களுக்கு உறுதியான மரப் பலகை மேடை போதும். உயரமானவர்களுக்கு மெஷினுக்கு அடியில் சரியான பேக்கிங் வைத்து, திரும்பவும் லெவல் பார்க்கவேண்டும். அதை இன்ஸ்டால் செய்யத் தெரிந்தவர் வைத்துச் செய்யட்டும். இரண்டு ஷிஃப்டில் இரண்டு உயரத்து ஆட்கள் ஒரே மெஷினில் நின்றால், உயரமானவருக்கு மெஷினை வைத்துவிட்டு, குள்ளமானவருக்கு மேடை போடுங்கள்.

வெளிச்சத்தை யாரும் கால் வலியோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. டூல் முனை தெரியாததால்தான் கழுத்தை நீட்டிக் குனிகிறோம். வளையும் கழுத்துள்ள ஒரு எல்.இ.டி. விளக்கை மெஷினில் மாட்டியதும் என் பக்கத்து மெஷின்காரருக்கு இடுப்பு வலி பாதி குறைந்தது. முப்பத்தெட்டு நாற்பது வயதுக்கு மேல் என்றால் மூக்குக்கண்ணாடி தேவைப்படுகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

ஷூ: முதல் சம்பளத்தில் வாங்கவேண்டியது

ஹவாய் செருப்போடு லேத் ஓட்டுகிறவர்களை இன்னும் பார்க்கிறேன். காலில் சூடான சிப்ஸ் விழுந்த தழும்பு இல்லாத பழைய டர்னர் அபூர்வம். அந்தச் செருப்பு தேய்ந்து தேய்ந்து கடைசியில் கால் விரல் அளவு கனம்கூட இருக்காது; கான்கிரீட்டில் வெறுங்காலோடு நிற்பதும் அதில் நிற்பதும் ஒன்றுதான்.

பாதுகாப்பு ஷூவில் ஐ.எஸ். 15298 என்ற இந்தியத் தர முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அடிப்பாகம் மூன்று விதமாகக் கிடைக்கும். பி.வி.சி. விலை குறைவு, கனம் அதிகம், கட்டை மாதிரி இருக்கும். நைட்ரைல் ரப்பர் சூட்டையும் எண்ணெயையும் தாங்கும், ஆனால் கனம். பி.யூ. (பாலியூரித்தேன்) இலேசாகவும் மெத்தென்றும் இருக்கும், அதிலும் இரட்டை அடர்த்தி என்று விற்பது கீழே கெட்டியாகவும் மேலே மென்மையாகவும் இருக்கும். டூலைக் குளிர்விக்கும் கூலண்ட் தெறிக்கிற சாதாரண லேத் வேலைக்கு நான் சொல்வது இரட்டை அடர்த்தி பி.யூ. ஃபவுண்டரி, வெல்டிங் பக்கம் என்றால் ரப்பர். பி.யூ.வுக்கு ஒரு குறை உண்டு: வருடக்கணக்கில் பெட்டிக்குள் கிடந்தாலே ஈரக்காற்றில் உள்ளுக்குள் உளுத்துப்போகும். தள்ளுபடியில் வாங்கி ஸ்டாக் வைத்துவிட்டு, மாட்டிய மூன்றாம் நாள் அடி பெயர்ந்து கையோடு வந்ததைப் பார்த்திருக்கிறேன்.

ஷூ வாங்க சாயங்காலம் போங்கள். வேலை முடிந்த கால் காலையில் இருந்ததைவிட வீங்கித்தான் இருக்கும், அந்த அளவுக்குத்தான் ஷூ வேண்டும். வேலைக்குப் போடும் அதே சாக்ஸோடு போட்டுப் பாருங்கள். முன்னால் இரும்புத் தொப்பி விரலை இடிக்கக்கூடாது. கட்டைவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகலம் இடம் வேண்டும். கடைக்குள்ளேயே பத்து நிமிடம் நடங்கள், கடைக்காரர் முறைத்தால் முறைக்கட்டும்.

ஷூவோடு வரும் உள்பாய் பெரும்பாலும் அட்டை கனத்தில்தான் இருக்கும். அதை உருவிவிட்டு, உள்வளைவுக்குத் தாங்கல் உள்ள ஒரு இ.வி.ஏ. நுரை உள்பாய் போடுங்கள். மெத்தென்று அமுங்கும் ஜெல் பாய் கடையில் சுகமாக இருக்கும், இரண்டு வாரத்தில் தட்டையாகிவிடும். கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்: அமுங்கி உடனே எழும்பினால் நல்லது, குழியாகவே நின்றால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. முடிந்தால் இரண்டு ஜோடி வைத்து மாற்றி மாற்றிப் போடுங்கள். வியர்வை காயும், நுரையும் பழைய உருவத்துக்குத் திரும்பும்.

வாரத்துக்கு ஒருமுறை ஷூவின் அடியில் குத்தியிருக்கும் சிப்ஸை ஸ்குரூடிரைவரால் நோண்டி எடுங்கள். மிதிக்கும்போது டக் டக் என்று சத்தம் வந்தால் இரும்பு மேல் நடக்கிறீர்கள் என்று அர்த்தம், வழுக்கவும் செய்யும்.

காலடிப் பாய்

ஒரே மெஷின் முன்னால் நாள் முழுக்க நிற்கிறவருக்குத்தான் பாய். நாலு மெஷினுக்கு இடையே சுற்றுகிறவர் அந்தக் காசை ஷூவிலும் உள்பாயிலும் போடுவது மேல், ஏனென்றால் அது கூடவே வரும்.

நல்ல பாய் செய்கிற வேலை சின்னது: காலுக்குக் கீழே கொஞ்சம் அமுங்கி, உடம்பை லேசாக ஆடவிடும். அந்த ஆட்டத்தைச் சரிசெய்ய கெண்டைச் சதை சதா சின்னச் சின்னதாகச் சுருங்கி விரியும். அதனால்தான் மிகவும் மெத்தென்ற பாய் கூடாது. கால் புதைந்தால் கணுக்கால் நிலைகொள்ளாமல் இன்னும் அதிகமாகக் களைத்துப் போகும். அரை அங்குலத்திலிருந்து முக்கால் அங்குலம் கனம் போதும். நின்று பார்க்கும்போது முழுக்க அமுங்கித் தரை தட்டக்கூடாது, காலை எடுத்ததும் தடம் மறையவேண்டும்.

எதை வாங்கக்கூடாது என்பதை என் காசு செலவழித்துக் கற்றுக்கொண்டேன். குழந்தைகள் விளையாட ஒன்றோடொன்று கோர்க்கும் நுரைப் பாய் இருக்கிறதே, மலிவாக இருக்கிறது என்று நாலு வாங்கிப் போட்டேன். முதல் நாள் சொர்க்கம். இரண்டாம் நாள் சூடான சிப்ஸ் விழுந்து விழுந்து அம்மைத் தழும்பு மாதிரி ஆனது. ஒரு வாரத்தில் இரும்புத் துகள் முழுக்க உள்ளே புதைந்து, ஓரம் சுருண்டு எழுந்துவிட்டது. அந்த ஓரத்தில் கால் தட்டித்தான் ஸ்டீல் ரேக்கில் முட்டியை இடித்துக்கொண்டேன். வலி குறைக்க வாங்கிய பாய், பத்து நாள் நொண்ட வைத்தது. தீப்பொறி பறக்கிற கிரைண்டிங், வெல்டிங் பக்கம் அதை நினைத்தே பார்க்காதீர்கள்.

பட்டறைக்கு ஏற்றது நைட்ரைல் கலந்த ரப்பர் பாய். சாதாரண இயற்கை ரப்பர் கட்டிங் ஆயில் பட்டுப் பட்டு உப்பிப்போகும், நைட்ரைல் தாங்கும். ஓட்டை ஓட்டையாக இருக்கும் வகை வாங்கினால் சிப்ஸும் கூலண்டும் கீழே இறங்கிவிடும், மேற்பரப்பு காய்ந்திருக்கும். நான்கு ஓரமும் சாய்வாகச் சரிந்திருக்கவேண்டும். டிராலி போகிற வழியில் பாய் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

அவ்வளவு செலவு முடியாது என்றால் நம் பக்கத்தில் ஒரு வழி இருக்கிறது. மாட்டுக் கொட்டகையில் விரிக்கும் ரப்பர் பாய், நான்கடிக்கு ஆறரை அடி அளவில் கிடைக்கும். கெட்டியாகத்தான் இருக்கும், எண்ணெயில் நாளாவட்டத்தில் உப்பும். ஆனாலும் கான்கிரீட்டுக்கு அது எவ்வளவோ தேவலை. ஒன்றை வாங்கி நீளவாக்கில் வெட்டினால் இரண்டு மெஷினுக்கு ஆகும். கத்தியில் சோப்புத் தண்ணீர் தொட்டுக்கொண்டு வெட்டினால் சுலபமாக அறுபடும். பழைய காலத்து வழியான மரச் சட்டப் பலகையும் மோசமில்லை: இடைவெளி விட்டு ரீப்பர் அடித்த பலகைமேல் நின்றால் கூலண்டில் கால் நனையாது, சிப்ஸ் கீழே விழுந்துவிடும். ஆணித்தலை எழும்புகிறதா என்று மட்டும் அவ்வப்போது தடவிப் பாருங்கள். சாக்கை மடித்துப் போடுவது மட்டும் வேண்டாம், எண்ணெய் குடித்த சாக்கு வழுக்குப்பாறை.

மின்சாரப் பேனல் போர்டு முன்னால் விரித்திருக்கும் கறுப்புப் பாயைக் காலுக்குச் சுகமாக இருக்கிறதென்று யாரும் உருவிக்கொண்டு வராதீர்கள். ஐ.எஸ். 15652 தரத்தில் வருகிற அந்தப் பாய் மின்சாரத்திலிருந்து காக்க. அதை எடுத்தால் எலக்ட்ரீஷியன் உயிருக்கு ஆபத்து. நாம் வாங்கும் காலடிப் பாயும் அந்த வேலைக்கு ஆகாது.

உட்கார ஓர் இடம்

நின்று வேலை செய்கிறவர்கள் இடையில் கிடைக்கும் நேரத்தில் உட்கார வசதி வேண்டும் என்று 1948ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 44ஆம் பிரிவே சொன்னது. ஜவுளிக்கடை, நகைக்கடை ஊழியர்களுக்காக 2021இல் தமிழ்நாட்டில் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தி உட்காரும் உரிமை கொண்டுவந்தபோது எல்லாரும் புதிது என்று பேசினார்கள். பட்டறைக்காரர்களுக்கு அது காகிதத்தில் எப்போதோ வந்துவிட்டது. முதலாளியிடம் இதைச் சட்டமாகப் பேசினால் முறுக்கிக்கொள்வார். "ஏனுங்ண்ணா, ஆட்டோ ஃபீட் ஓடறப்ப சாய ஒரு ஸ்டூல் இருந்தா மத்தியானத்துக்கு மேல ரிஜெக்ஷன் கொறையுங்க" என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்டூல் உயரமாக இருக்கட்டும். முழுக்க உட்காராமல் பிட்டத்தைப் பாதி ஊன்றி, கால் தரையில் படுகிற மாதிரி. அப்போது எழுவதும் சுலபம், முட்டியும் மடங்கி நிற்காது. ஓடுகிற மெஷினைக் கையெட்டாத தூரத்தில் விட்டு உட்காராதீர்கள்.

சாப்பாட்டு நேரத்தில் பத்து நிமிடம் மல்லாந்து படுத்துக் காலைச் சுவரில் தூக்கி வையுங்கள். வேடிக்கை பார்ப்பார்கள். ஒரு வாரத்தில் அவர்களும் பக்கத்தில் படுப்பார்கள். முட்டி வலி ஏற்கெனவே இருந்தால் சம்மணம் போட்டுச் சாப்பிடுவதையும் குத்துக்காலிட்டு உட்காருவதையும் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள், பெஞ்சில் உட்காருங்கள்.

வீட்டில் பதினைந்து நிமிடம்

குதிகால் வலிக்காரர்களுக்கு முக்கியமானது காலை வேலை. எழுந்து காலை ஊன்றுவதற்கு முன்னால், உட்கார்ந்தபடி கால்விரல்களைக் கையால் பிடித்து முட்டிப் பக்கம் இழுத்து முப்பது வினாடி வையுங்கள், ஒரு பத்துத் தடவை. சாயங்காலம் தண்ணீர் பாட்டிலை ஃப்ரீசரில் வைத்து உறையவிட்டு, உள்ளங்காலால் தரையில் உருட்டுங்கள்.

சுவரில் கைகளை ஊன்றி, ஒரு காலைப் பின்னால் நீட்டி, குதிகால் தரையைவிட்டு எழும்பாமல் முன்னால் சாய்ந்தால் கெண்டைச் சதை இழுபடும். முப்பது வினாடி, காலுக்கு மூன்று தடவை. முட்டிக்கு, மல்லாந்து படுத்து ஒரு காலை மடக்கி, மற்றக் காலை நேராக ஒரு முழம் உயரம் தூக்கி ஐந்து எண்ணி இறக்குங்கள், பத்துத் தடவை. பிறகு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவது, இதுவும் பத்து. தொடைச் சதை பலமானால் முட்டிக்குப் போகிற அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். பலன் தெரிய ஆறு எட்டு வாரம் ஆகும். நாலாம் நாளே ஒன்றும் ஆகவில்லை என்று விடுகிறவர்கள்தான் அதிகம்.

புதிதாக வீங்கியிருந்தால் துணியில் சுற்றிய ஐஸ், பத்துப் பதினைந்து நிமிடம். வீக்கமில்லாத விறைப்புக்கு வெந்நீர் ஒத்தடம். நல்லெண்ணெய் தேய்ப்பதில் தப்பில்லை, தேய்க்கிற கைதான் பாதி மருந்து. சர்க்கரை நோய் உள்ளவர்கள் காலை வெந்நீரில் வைக்கும் முன் வேறு யாரையாவது கை வைத்துச் சூடு பார்க்கச் சொல்லுங்கள். உணர்ச்சி குறைந்த கால் வெந்துபோவது தெரியாது.

கால் வீங்குகிறவர்களுக்கு அழுத்தக் காலுறை நன்றாக உதவும். வீங்குவதற்கு முன்னால், காலையிலேயே மாட்டவேண்டும். ஏப்ரல் மாதத்து ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே அதைப் போட்டுக்கொண்டு நிற்பது லேசில்லை, அதனால் முழங்கால் வரை உள்ளது போதும். சர்க்கரை நோயோ காலில் ரத்த ஓட்டக் குறைவோ உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது.

எடையைப் பற்றி ஒரு கணக்கு மட்டும். முட்டி தேய்மானம் உள்ள கனத்த உடம்புக்காரர் ஒரு கிலோ குறைத்தால், வைக்கும் ஒவ்வோர் அடியிலும் முட்டிக்கு இறங்கும் பாரம் நான்கு கிலோ அளவு குறைகிறது. மூன்று வேளை டீயோடு போண்டாவும் பஜ்ஜியும் சேர்வதை நிறுத்திய வருடம்தான் எனக்கு மாடிப்படி சுலபமானது.

மாத்திரையும் டாக்டரும்

மெடிக்கல் ஷாப்பில் "கால் வலி" என்று கேட்டால் இரண்டு கலர் மாத்திரை கட்டிக்கொடுப்பார்கள். நான் இரண்டு மாதம் தினம் ஒன்று போட்டேன். வலி தெரியவில்லை, அதனால் எதையும் மாற்றவும் இல்லை. பிறகு வயிறு எரிய ஆரம்பித்து, ஒருநாள் மலம் தார் மாதிரி கறுத்தது. அது வயிற்றுக்குள் ரத்தம் கசிகிற அடையாளம் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள் நாள்கணக்கில் தொடர்ந்தால் வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு இன்னும் மோசம். பெயரில்லாத பொட்டலத்தில் வரும் மூட்டுவலிப் பொடியை வாங்கவே வேண்டாம். ஸ்டீராய்டு கலந்தது இருக்கும். ஒரே நாளில் வலி பறந்தால் சந்தோஷப்படாமல் சந்தேகப்படுங்கள்.

மேலே சொன்னதையெல்லாம் ஒன்றரை மாதம் செய்தும் குறையவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். சிலவற்றுக்குக் காத்திருக்கவே கூடாது. மூட்டு சிவந்து, சூடாகி, காய்ச்சலும் சேர்ந்தால் அன்றைக்கே. ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலித்தால் உள்ளே ரத்தம் கட்டியிருக்கலாம், அதைத் தேய்க்காதீர்கள், உடனே போங்கள். அதோடு மூச்சும் வாங்கினால் அவசரப் பிரிவுக்கு. முதுகு வலியோடு கால் மரத்துப்போய், சிறுநீர், மலம் கட்டுப்பாடு தவறினால் அதுவும் அப்படித்தான். காலையில் இரண்டு கை விரல்களும் அரைமணிக்கு மேல் விறைத்துக் கிடந்தால் அது நின்றதால் வந்த வலியாக இருக்காது, முடக்குவாதமா என்று பார்க்கவேண்டும். ராத்திரியில் கட்டைவிரல் அடி மூட்டு திடீரென்று வீங்கித் துடித்தால் யூரிக் ஆசிட் கூடியிருக்கலாம். முட்டி மடங்கிய நிலையில் பூட்டிக்கொண்டு நிமிராவிட்டால் உள்ளே சவ்வு கிழிந்திருக்கக்கூடும்.

ஈ.எஸ்.ஐ. அட்டை இருந்தால் டிஸ்பென்சரியில் ஆரம்பியுங்கள். அங்கிருந்து எலும்பு டாக்டருக்கும் பிசியோதெரபிக்கும் எழுதித் தருவார்கள். கூட்டத்தில் டாக்டருக்கு உங்களோடு பேச இரண்டு நிமிடம்தான் கிடைக்கும். "முட்டி வலி" என்று மட்டும் சொல்லி நிறுத்தாமல், எட்டு மணி நேரம் லேத் முன்னால் கான்கிரீட்டில் நிற்கிறேன், வலது பக்கம் மட்டும், மதியத்துக்கு மேல் அதிகம் என்று அந்தச் சீட்டில் எழுதியதைப் படித்துக் காட்டுங்கள். பிசியோதெரபிக்குப் போகும்போது அந்தத் தேய்ந்த ஷூவையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். நான் கொண்டுபோனபோது பிசியோதெரபிஸ்ட் என் காலைப் பார்க்கும் முன்னால் அதைத்தான் திருப்பிப் பார்த்தார்.